மீதி பத்து வந்தால்

காயல்பட்டினம்
12.1.2025

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்களும் ரிஃப்கா மதினியும் யுஸ்ராவும் அல்லாஹ்வின் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இங்கிருந்து சொல்லக்கூடிய நல்ல சேதி அது ஒன்றுதான்.

தாளில் எழுதுகிறாளே என்று திகைக்காதீர்கள். என் போனையும் அவர் போனையும் போலீஸ் எடுத்துப்போய்விட்டது. உம்மாவின் போனில் வழக்கைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று வக்கீல் வீரபாகு அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் வாப்பா காலத்து வழக்கப்படி பயணம் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் மச்சான் அம்மாரை வியாழக்கிழமை கைது செய்துவிட்டார்கள். முத்தையாபுரம் கன்டெய்னர் யார்டில் திங்கட்கிழமை முந்திரிக்கொட்டைப் பெட்டி ஏற்ற ஒரு லாரி வந்தது. டிரைவர் நீட்டிய சீட்டில் இருந்த பத்து இலக்கப் பெட்டி எண்ணை, கேட்டில் உட்கார்ந்திருந்த இவர் கம்ப்யூட்டரில் தட்டினார். கிரேன் வேறொரு பெட்டியைத் தூக்கி வைத்தது. அதில் இருந்தது பழைய செம்புக் கம்பி. லாரி கேட்டைத் தாண்டிப் போனது போனதுதான். மறுநாள் காலிப் பெட்டி மட்டும் எட்டயபுரம் ரோட்டில் கிடந்தது. டிரைவரைக் காணோம்.

இவர் அவனோடு கூட்டு என்கிறார்கள். ஒரு இலக்கம் தப்பாகத் தட்டினாலும் மிஷின் ஏற்காதாம், ஆகவே கை தவறியிருக்க வழியே இல்லையாம், யாரோ கொடுத்த எண்ணை வேண்டுமென்றேதான் தட்டினாராம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நம் வீட்டிலேயே நம் மாப்பிள்ளையாக இருக்கும் மனிதரை, நம் வாசலில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். தெருவே பார்த்தது.

அந்த மிஷினில் ஓடும் ப்ரோக்ராம் உங்கள் கம்பெனியுடையது. நீங்களே லீவில் வந்தபோது பொருத்திக் கொடுத்தது. இந்த வேலையையும் நீங்கள்தான் பேசி வாங்கிக் கொடுத்தீர்கள். எண் சரியா தப்பா என்று மிஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கணக்கு டீச்சருக்குப் புரியும்படி எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் யார் அதிக மார்க் வாங்கினோம் என்பதை இப்போது நினைவூட்ட மாட்டேன்.

உங்கள் தங்கை
ராஹிலா

கொண்டுவருபவர்: அடுத்த தெரு முஜாஹித்


ஷார்ஜா
30.1.2025

அன்புத் தங்கை ராஹிலாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

நாங்கள் மூவரும் நலம். யுஸ்ராவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது, வீடே அமைதியாக இருக்கிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நீ கேட்டது இது. பத்து இலக்கத்தில் முதல் ஒன்பதுதான் பெட்டியின் எண். அதைப் பதினொன்றால் வகுத்து வரும் மீதியைக் கடைசி இலக்கமாகப் போடுவோம். தட்டும்போது மிஷின் மறுபடியும் வகுத்துப் பார்க்கும். மீதியும் கடைசி இலக்கமும் ஒத்துப்போனால்தான் ஏற்கும். ஏன் பதினொன்று என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும், மீதி கட்டாயம் மாறிவிடும். பத்தாலோ ஒன்பதாலோ வகுத்தால் அப்படி வராது.

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அம்மாரிடம் நீ தனியாக, நிதானமாக ஒரு தடவை கேட்டுப் பார். யாராவது ஆசை காட்டியிருக்கலாம், மிரட்டியிருக்கலாம். வக்கீல் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உம்மாவை மருந்து தவறாமல் சாப்பிடச் சொல்.

பிரியமுள்ள
ஜக்கரிய்யா

கொண்டுவருபவர்: முஜாஹித், திரும்பும் பயணத்தில்


காயல்பட்டினம்
9.2.2025

அன்புள்ள காக்காவுக்கு, ஸலாம்.

எல்லோரும் சுகம்தானே. யுஸ்ராவுக்கு என் துஆ எப்போதும் உண்டு. அவளுக்கு வடிவியல் வராது என்று மதினி சொன்ன ஞாபகம். படம் வரைந்து பார்த்தபிறகு கணக்கில் இறங்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னபடி பாளை ஜெயிலுக்குப் போய்க் கேட்டேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் சீட்டப் பாத்துத்தான் தட்டுனேன், ராஹிலா. வேற எதுவும் எனக்குத் தெரியாது" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தேன். காக்கா, என் புருஷனை நானே சந்தேகப்பட்டேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

ஏற்றியிருக்க வேண்டிய முந்திரிப் பெட்டியின் எண்ணை வக்கீல் யார்டில் சீட்டு நகலைப் பார்த்து வாங்கித் தந்தார், எழுதி வைத்திருக்கிறேன்: 4081273570. நானூற்று எட்டுக் கோடியே பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம். கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு வகுத்தால் மிச்சமில்லாமல் வகுபடுகிறது, மீதி பூஜ்யம். உங்கள் விதி சரியாகத்தான் இருக்கிறது. இவர் தட்டியதாகச் சொல்லும் எண்ணைப் போலீஸ் இன்னும் காட்டவில்லை. குற்றப்பத்திரிகை வந்தால்தான் தெரியுமாம். மிஷினே தப்பு செய்ய வழி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ராஹிலா

கொண்டுவருபவர்: நகைக்கடைக்காரர் மகன்


ஷார்ஜா
21.2.2025

அன்புள்ள ராஹிலாவுக்கு, ஸலாம்.

நலம். உங்கள் நலத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அவசரமாக எழுதுகிறேன், கடிதம் கொண்டுவருபவர் விமானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

மிஷினில் தப்பு இல்லை. பல யார்டுகளில் இதே ப்ரோக்ராம் ஓடுகிறது. மீதி பத்து வந்தால் என்ன ஆகும் என்று நீ போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, அது எப்போதாவது வருவது, அதனால் எதுவும் ஆகாது. நீ பள்ளிக்கூடத்தையும் உம்மாவையும் கவனி. கம்ப்யூட்டர் விவகாரத்தைக் கோர்ட்டில் இழுத்தால் வழக்கு நீளும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நோன்பு வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜக்கரிய்யா

கொண்டுவருபவர்: அதே நகைக்கடைக்காரர் மகன்


காயல்பட்டினம்
9.3.2025

அன்புள்ள காக்காவுக்கு, ஸலாம்.

நோன்பு நல்லபடி போகிறதா? இங்கே பள்ளிவாசல் கஞ்சி தினமும் வருகிறது. அவருக்குப் பிடிக்கும் என்று உம்மா ஒரு கிண்ணம் தனியாக எடுத்து மூடி வைக்கிறார்கள். பிறகு அவர்களே அதை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு தினம் நோன்பு திறக்கிறேன்.

காக்கா, நான் பத்தைப் பற்றி எழுதவே இல்லையே.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கடிதத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மிஷின் தப்பு செய்யுமா என்றுதான் கேட்டேன். நான் கேட்காத கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது. எல்லா மீதிகளையும் பார்த்தாயா என்று பிள்ளைகளைத் தலையில் குட்டுகிற நான், பதினொன்றால் வகுத்தால் பத்தும் மீதியாக வரும் என்பதை யோசிக்கவில்லை. பயம் வந்தால் படிப்பு ஓடிவிடுகிறது.

பத்து இரண்டு இலக்கம். கடைசியில் இருப்பதோ ஒரு இலக்கத்துக்கான இடம். அப்படியானால் அங்கே என்ன போடுகிறீர்கள்?

உங்களைக் கேட்டு இன்னொரு கடிதத்துக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. யார்டுக்கு எதிரே செல்லக்கனி அக்கா டீக்கடைக்குப் போனேன். டிரைவர்கள் போட்டுவிட்டுப் போகும் பழைய கேட் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருப்பார், பின்பக்கத்தில் டீக்கணக்கு எழுத. "டீச்சர், இந்தக் குப்பைய எதுக்குக் கேக்குதீய?" என்றார். "கணக்குப் போட" என்றேன். "எங்கிட்ட கடன் இருக்குன்னு எவனாச்சும் கோர்ட்டுக்குப் போயிட்டானா" என்று பயந்து, பிறகு கொத்தாக எடுத்துக் கொடுத்தார்.

நோன்போடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வகுத்தேன். ஒன்று முதல் ஒன்பதுவரை ஒவ்வொரு இலக்கமும் கிட்டத்தட்டச் சமமாக வருகிறது. பூஜ்யம் மட்டும் மற்றதைப்போல இரண்டு மடங்கு. பூஜ்யத்தில் முடியும் சீட்டுகளில் பாதிக்கு மீதி பூஜ்யம். மறு பாதிக்கு மீதி பத்து. பத்துக்கும் பூஜ்யம்தான் போட்டிருக்கிறது உங்கள் மிஷின்.

நேற்று குற்றப்பத்திரிகை நகல் வந்தது. இவர் தட்டிய எண் 4081723570. சரியான எண்ணில் 27 இருக்கும் இடத்தில் 72. அவ்வளவுதான் வித்தியாசம். அவசரத்தில் யார் கையும் இரண்டு எண்ணை மாற்றிப் போடும். இதையும் பதினொன்றால் வகுத்தேன். மீதி பத்து.

ஒன்றுக்கு மீதி பூஜ்யம், மற்றதற்கு மீதி பத்து, இரண்டுக்கும் கடைசியில் பூஜ்யம். மிஷின் கண்ணுக்கு இரண்டும் சரி. கை தவறினாலும் கேட் திறக்கும், காக்கா. அன்று தவறியது, திறந்தது. முந்திரிக்கு வந்தவன் செம்பைப் பார்த்துக் கம்பி நீட்டிவிட்டான். இவர் சொன்னது முழுக்க உண்மை.

அழுதேன். சந்தேகப்பட்டதற்காகவும் சேர்த்து அழுதேன்.

வீரபாகு அண்ணாச்சியிடம் காட்டினேன். "தங்கச்சி, நீ சொல்லுதது எனக்கே புரிஞ்சிட்டுன்னா கோர்ட்டுக்கும் புரியும். ஆனா சம்சாரம் போட்ட கணக்குன்னு தள்ளிருவாங்க. பத்துக்குப் பூஜ்யம் போடுதோம்னு அந்தக் கம்பெனிக்காரன் ஒரு வரி எழுதித் தரணும்" என்றார். அந்த ஒரு வரியை வாங்கி அனுப்புங்கள். இருபத்தேழாம் தேதி ஜாமீன் மனு வருகிறது.

ராஹிலா

கொண்டுவருபவர்: மதினியின் சாச்சா


காயல்பட்டினம்
3.4.2025

காக்காவுக்கு, ஸலாம்.

நீங்கள் நலம் என்று சாச்சா சொன்னார். பெருநாளுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தார். பேரீச்சம்பழம் கொடுத்தார், அத்தர் கொடுத்தார், உம்மாவுக்குத் துணி கொடுத்தார். கடிதம் எங்கே என்று கேட்டேன். பையை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "தரலியேம்மா" என்றார்.

உங்களிடமிருந்து வரவில்லை, ஆனால் உங்கள் கம்பெனியிலிருந்து போலீசுக்கு ஒரு சான்றிதழ் வந்திருக்கிறது. முத்திரை இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. "தவறாகத் தட்டப்படும் எண்ணை இந்த ப்ரோக்ராம் எந்த நிலையிலும் ஏற்காது" என்று எழுதியிருக்கிறார்கள். அதை வைத்தே ஜாமீனை மறுத்துவிட்டார்கள்.

அவர் இளைத்துவிட்டார். பெருநாளன்று பார்க்க விட்டார்கள். ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்று உள்ளே யாரோ ஓதியிருக்கிறார்கள். "ஒத்துக்கிடுறேன் ராஹிலா, எல்லாரும் நிம்மதியா இருங்க" என்கிறார். செய்யாத திருட்டை. நான் டீச்சராக இருக்கும் ஊரில், திருடன் பெண்டாட்டி என்று பெயர் வாங்கிக்கொண்டு எப்படி நிம்மதியாக இருப்பேன்?

ஜூன் பத்தாம் தேதி வாய்தா. அன்று ஒத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார்.

அந்த ப்ரோக்ராமை எழுதியது யார், காக்கா? பெயரைச் சொல்லுங்கள். நானே அவர் காலில் விழுந்து கேட்கிறேன்.

ராஹிலா

கொண்டுவருபவர்: முஜாஹித்


ஷார்ஜா
14.4.2025

அன்புள்ள ராஹிலாவுக்கு, ஸலாம்.

நலம். யுஸ்ரா பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள். வடிவியலுக்கு நீ சொன்ன யோசனை உதவியதாம்.

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நீ கேட்பது ஒரு வரிதான், ஆனால் அந்த வரி வெளியே போனால் இந்த ப்ரோக்ராம் ஓடும் எல்லா யார்டும் கம்பெனியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு யார் வேலையும் நிலைக்காது. எனக்கு விசா இந்த வேலையில்தான் இருக்கிறது. யுஸ்ராவைப் பதினொன்றாம் வகுப்பில் இங்கேதான் சேர்க்க வேண்டும். எழுதியவரின் பெயரைத் தெரிந்து உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அம்மார் சொல்வதையும் கொஞ்சம் யோசி. முதல் குற்றம் என்பதால் சில மாதங்களில் வெளியே வந்துவிடலாம். வந்ததும் நான் இங்கே அழைத்துக்கொள்கிறேன். என் வார்த்தை.

உம்மாவுக்கு என் ஸலாம். இதை அவர்களிடம் படித்துக் காட்டாதே.

ஜக்கரிய்யா

கொண்டுவருபவர்: முஜாஹித்


காயல்பட்டினம்
4.5.2025

காக்காவுக்கு, ஸலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள். நான் மனசாரச் சொல்கிறேன், வேண்டாவெறுப்பாக அல்ல.

நேற்று ஜெயிலுக்குப் போனேன். இரண்டு எண்ணையும் பெரிதாக எழுதி எடுத்துப்போய் வலையில் சாத்திக் காட்டினேன். மீதி பூஜ்யம், மீதி பத்து என்று வகுப்பில் சொல்வது போல விளக்கினேன். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. பாதியில் நிறுத்தி, "உங்களுக்கு இது முதல்லயே தெரியுமா?" என்று கேட்டேன்.

தாளைக் கீழே இறக்கும்படி கை காட்டினார். பிறகு சொன்னார்: "காக்கா அன்னைக்கே சொன்னாங்க. மிஷின மாட்டி முடிச்சிட்டு எதுத்தாப்புல டீ குடிச்சோம். 'மச்சான், பத்து வந்தா பூஜ்யம்னு போட்டுட்டேன், கட்டத்துல ஒரு எண்ணுக்குத்தான் எடம் இருக்கு, இத எவன் கண்டுபுடிக்கப் போறான்'னு சிரிச்சாங்க. பெட்டி மாறிப்போன அன்னைக்கே எனக்கு வெளங்கிட்டு."

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். காவலர் திரும்பிப் பார்த்தார். இவர் குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு வேலை வாங்கித் தந்தவங்க. உங்க வீட்டுலதான் நான் இருக்கேன், உங்க சோறுதான் திங்கேன். அவங்க பேரச் சொல்லி அவங்க பொழப்பக் கெடுத்துட்டு, அந்த வாசல்ல நான் எப்படி ஏறுவேன்? சொல்லணும்னா அவங்களே சொல்லுவாங்க. நீ கேக்காத" என்றார்.

அதனால்தான் முதல் நாள் என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் அதைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுதியவர் பெயரைக் கேட்டேனே, காலில் விழுகிறேன் என்றேனே. அந்தக் கடிதத்தை எந்த முகத்தோடு படித்தீர்கள்?

நீங்கள் செய்த தவறு சின்னது. பத்துக்கு இடமில்லை என்று பூஜ்யம் போட்டீர்கள். யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அதற்காக உங்களை ஒருவரும் தூக்கில் போடப் போவதில்லை. ஆனால் இந்த நான்கு மாதமாக, உங்களைக் காப்பாற்ற ஒருவர் ஜெயிலில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அவரையே தனியாக, நிதானமாக விசாரிக்கச் சொல்லி எனக்கு எழுதினீர்கள்.

உங்கள் பெயரை நான் வக்கீலிடம் சொல்லவில்லை. உங்கள் மச்சான் கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை. ஜூன் பத்தாம் தேதி கோர்ட்டில் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுவேன். சம்சாரம் போட்ட கணக்கு என்று தள்ளினால் தள்ளட்டும். இனி எழுத மாட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதிலும் வேண்டாம்.

ராஹிலா

கொண்டுவருபவர்: முஜாஹித். கடைசித் தடவை என்று அவனிடமும் சொல்லிவிட்டேன்.


ஷார்ஜா
6.6.2025

அன்புத் தங்கை ராஹிலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்து வந்து எழுதுகிறேன். வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை, நடந்ததை எழுதுகிறேன்.

ப்ரோக்ராமை எழுதியது நான். அந்தச் சான்றிதழை எழுதியதும் நான்தான். மேனேஜர் கேட்டார், எழுதிக் கொடுத்தேன், என் பெயர் வராமல் பார்த்துக்கொண்டேன். உன் மார்ச் மாதக் கடிதம் அப்போது என் மேசை டிராயருக்குள் இருந்தது. அதற்குப் பிறகு பேரீச்சம்பழமும் அத்தரும் வாங்கக் கடைக்குப் போனேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

உன் மே மாதக் கடிதத்தை மூன்று வாரம் யாருக்கும் காட்டவில்லை. அம்மார் சொன்ன அந்த டீ எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் சிரித்ததும், அவனும் மரியாதைக்குச் சிரித்ததும். அவன் சொல்லிவிடுவானோ என்று ஜனவரியிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். அவன் சொல்லாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் ரிஃப்காவிடம் கொடுத்தேன். அவள் படித்து முடித்தாள். யுஸ்ராவின் பள்ளிச் சேர்க்கைத் தாள்களை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய், மீதி பத்துக்கும் பூஜ்யம் போடுகிறது, சான்றிதழ் பொய், கோர்ட்டில் சொல்லப் போகிறேன் என்றேன். வேலையை உதறிவிட்டு வருகிறேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை என்னவென்றால் அவர்களே அனுப்பிவிட்டார்கள்.

தூதரகத்தில் கையெழுத்திட்டு முத்திரை வாங்கிய வாக்குமூலம் என்னிடம் இருக்கிறது. உன் இரண்டு எண்களும், அவற்றின் மீதிகளும் அதில் இருக்கின்றன. வகுத்தது நீ என்று எழுதியிருக்கிறேன். சான்றிதழ் எழுதியதற்காக என் மேலும் வழக்கு வரலாம் என்று இங்கே ஒருவர் எச்சரித்தார். வரட்டும். அம்மாரிடம் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வருவேன். உனக்குக் கதவைத் திறக்கப் பிடிக்காவிட்டால் திறக்காதே. இந்தக் கடிதத்தைக் கதவு இடுக்கில் செருகிவிட்டு, நேரே வீரபாகு அண்ணாச்சி வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

ஜக்கரிய்யா

கொண்டுவருபவர்: நானே